வாசல் தாண்டாத அண்ணன்

ஆறு வருஷம் பழகிய ஒருவரின் கைகளை நான் சரியாகப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். கடையில் மற்ற நேரமெல்லாம் அவை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தன. வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருக்கும். பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். கேட்ட சாமானை முகவாயால்தான் காட்டுவார். "அந்தா, ரெண்டாவது தட்டு. நீங்களே எடுத்துக்குங்க" என்பார்.

அறந்தாங்கியில் கட்டுமாவடி போகிற ரோட்டில் அவருடைய ஹார்டுவேர் கடை. பேர் சொல்ல மாட்டேன். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஆணி வாங்கியவர்கள், மீதிப் பேர் ஆணியை எப்படி அடிப்பது என்று கேட்டவர்கள். நானும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். அந்த வார்த்தையை எழுதும்போதே எரிச்சல் வருகிறது. ஆனால் அவரை வேறு எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கடைக்கு வருகிறவர்களில் கடற்கரைக்காரர்கள் நிறைய. ஒருநாள் ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு படகுக்காரர், உப்புத் துரு ஏறிய இரும்புத் துண்டு ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அதில் ஒரு போல்ட் அசைவேனா என்று உட்கார்ந்திருந்தது. சுத்தியலைக் கொடுங்கள், ஒரே அடியில் எடுத்துவிடுகிறேன் என்று அவசரப்பட்டார்.

"அடிச்சா போல்ட்டு தலை மட்டும்தான் கையில வரும்" என்றார் அண்ணன். "அந்தா மண்ணெண்ண பாட்டிலு. நாலு சொட்டு விட்டுட்டு, எதுத்தாப்புல போயி டீ குடிச்சிட்டு வாங்க."

"டீ குடிக்கல்லாம் நேரமில்லண்ணே. போட்டு கரையில நிக்கிது."

"ஒங்களுக்கு நேரமில்லாட்டி போகட்டும். போல்ட்டுக்கு நேரம் வேணும்ல."

படகுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே டீக்கடைக்குப் போனார். திரும்பி வந்து ஸ்பேனரைப் போட்டபோது, "மொதல்ல இறுக்குங்க" என்றார் அண்ணன்.

"கழட்டணும்ணே."

"கழட்டத்தான் சொல்றேன். ஒரு மயிரிழை இறுக்குங்க. துரு விட்டுக் குடுக்கும். அப்புறம் இங்கிட்டு திருப்புங்க."

போல்ட் முனகிக்கொண்டு கழன்று வந்தது. படகுக்காரர் கும்பிட்டார். அண்ணன் பதிலுக்குக் கும்பிடக்கூடக் கையை முன்னால் கொண்டுவரவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர் மேல் இருந்த மதிப்பு இரண்டு படி ஏறியது. தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டாமல் அடுத்தவன் கையால் வேலையை முடிக்க வைக்கிற ஆள் நம் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு ஆளை எடைபோடத் தெரியும் என்று அப்போது ஒரு நினைப்பும் இருந்தது.

என் வீட்டுக்காரர் கத்தாரில் ஏசி மெக்கானிக். வீடு வீடாகப் போய் ஏசி மாட்டுவது, கழற்றுவது, கழுவுவது அவர் வேலை. அந்தச் சம்பாத்தியத்தில்தான் ஊருக்கு வெளியே புதிதாக வந்த நகரில் வீடு கட்டினோம். பால் காய்ச்சிய மூன்றாம் மாதம் அவர் திரும்பிப் போனார், நாலாம் மாதம் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. வீட்டில் நானும் ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகளும்தான். பிளம்பர் யாரையாவது கூப்பிடவா என்று போனில் கேட்டேன்.

"வேண்டாம், வேண்டாம்" என்றார் அவர். "என்கூடப் படிச்சவன் ஹார்டுவேர் கடை வச்சிருக்கான். அவன்கிட்ட போ. அவன் பாத்துக்குவான்."

ஆள் அனுப்புவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் ஒரு வாஷரையும், வாயை அகட்டிக் குறுக்குகிற ஸ்பேனர் ஒன்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். "நீங்களே பண்ணலாம்மா" என்றார்.

"நானாண்ணே?"

"பி.எஸ்ஸி. கணக்கு படிச்சிருக்கீங்கன்னு மாப்ள சொன்னான். ஒரு வாஷர் மாத்த முடியாதா?"

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. பிறந்த வீட்டில் பல்பு மாற்றக்கூடத் தம்பியைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மாடித் தொட்டிக்குக் கீழே இருக்கும் வால்வை மூடுங்க. கீழே வந்து குழாயைத் திறந்து விட்டு, தண்ணீர் நின்றுவிட்டதா என்று பாருங்க. வால்வை மூடிவிட்டேன் என்று நினைப்பது வேறு, அது மூடியிருப்பது வேறு. பாத்திரம் கழுவுகிற தொட்டி ஓட்டையில் ஒரு துணியை அடைத்து வையுங்க, இல்லாவிட்டால் திருகு உள்ளே போய்விடும். குழாய் மேல் துணி சுற்றிவிட்டு ஸ்பேனரைப் போடுங்க, இல்லாவிட்டால் பல் பதிந்துவிடும். கழற்றியதைக் கழற்றின வரிசையிலேயே தட்டில் அடுக்குங்க.

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. குழாயைப் பத்துத் தடவை திறந்து மூடினேன். ஒரு சொட்டு இல்லை. என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேனா என்று சந்தேகம்தான். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்காரர் வேலையில் இருப்பார். அண்ணனுக்குத்தான் போன் போட்டேன். "நான்தான் சொன்னேன்லம்மா" என்றார்.

அதன் பிறகு எனக்கு வீட்டில் எது கெட்டுப்போனாலும் ஒரு சின்னச் சந்தோஷம். கதவுக் கீல் தொங்கினால் கடைக்குப் போவேன். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போவேன். தேக்குக் கதவு நிலையில் திருகு இறங்காவிட்டால் திருகின் மரையில் சோப்பைத் தடவச் சொன்னார். சுவரில் துளை போடும்போது எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் டிரில் பிட்டின் மேல் டேப் சுற்றச் சொன்னார். பழைய ஓட்டையில் திருகைப் போடுவதற்கு முன் ஒரு சுற்றுப் பின்னால் திருப்பச் சொன்னார். "டிக்குன்னு ஒரு சத்தம் வரும். அது பழைய மரையில விழுந்த சத்தம். அதுக்கப்புறம் முன்னால திருப்புங்க. நேரா முறுக்குனா ஓட்டை கெட்டுப்போயிரும்." இன்றைக்கும் ஒவ்வொரு திருகிலும் அந்த டிக் கேட்கும்போது அவர் குரலும் சேர்ந்தே கேட்கிறது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒருநாள் படுக்கையறை சுவிட்ச் வேலை செய்யவில்லை. பெட்டியைத் திறந்து, வீட்டில் கிடந்த, கரண்ட் பார்க்கிற டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. வயரைத் தொடுவதற்கு முன் சும்மா சொல்லி வைப்போம் என்று அவருக்குப் போன் செய்தேன்.

"டெஸ்டர் எரியலண்ணே. கரண்ட் இல்ல."

"தொடாதீங்க" என்றார். குரலில் பதற்றம் இருந்தது. "கரண்ட் இருக்குன்னு நிச்சயமாத் தெரிஞ்ச எடத்துல டெஸ்டரை மொதல்ல வைங்க. அங்க எரியிதான்னு பாத்துச் சொல்லுங்க."

ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்து பிளக் ஓட்டையில் வைத்தேன். அங்கேயும் எரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

"எரியலைன்னா கரண்ட் இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா. டெஸ்டர் செத்துப் போயிருக்கலாம். கையில இருக்கிறதை மொதல்ல சோதிக்கணும். அப்புறந்தான் வயரைச் சோதிக்கணும். போயி மெயினை அமத்துங்க மொதல்ல."

அன்றைக்கு அவர் இல்லாவிட்டால் நான் இல்லை. கோபத்தில் இதை எழுதாமல் விட்டால் நானும் பொய் சொன்னவளாகிவிடுவேன். மறுநாள் கடையில் மஞ்சள் பிடி போட்ட புது டெஸ்டர் ஒன்றைத் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். தங்கச்சிக்கு அண்ணன் கொடுப்பது, காசெல்லாம் வேண்டாம் என்றார்.

அவருடைய இன்னொரு குணம், வாசல் தாண்ட மாட்டார். ஒரு ஐப்பசி மழையில் டிரில்லிங் மெஷினை இரவல் கொடுக்க ஸ்கூட்டரில் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று, மெஷின் இருந்த பையைக் கம்பிக்கு மேலாக நீட்டினார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"போர்டிகோலயாச்சும் வந்து நில்லுங்கண்ணே. காப்பி போடுறேன்."

"இல்லம்மா. மாப்ள இல்லாத வீடு. நான் வாசல் தாண்ட மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகவா எடுத்துக்கொள்வேன். உருகிப் போய்விட்டேன். எதிர்வீட்டு டெய்லர் அக்காவிடம் போய், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அக்கா வாயில் குண்டூசியைக் கடித்தபடியே, "ரொம்ப நல்லவனா இருக்கானேத்தா. பயமால்ல இருக்கு" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எதைச் சொன்னாலும் கோணலாகப் பார்க்கிற புத்தி என்று நினைத்தேன்.

கடைக்குப் போனால் சாமானைக் காட்டியதோடு விடமாட்டார், அக்கறையாக விசாரிப்பார். "வேற என்னம்மா வேலை வீட்டுல? கேஸ் போட வந்தவன் டியூபைப் பாத்தானா? பழைய ஆளா, புது ஆளா? டிஷ் மாட்ட வந்தவன் ஒழுங்கா மாட்டுனானா, எவ்வளவு நேரம் ஆச்சு?" நான் ஒன்று விடாமல் சொல்வேன். நம் வீட்டைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் இருக்கிறதே என்று சந்தோஷமாகவே சொல்வேன்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். நான் டெஸ்டரும் கையுமாக இருப்பது தெரிந்ததும் ஒவ்வொருத்தராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் தாழ்ப்பாள், இன்னொரு வீட்டில் டியூப் லைட். வேலைக்கு ஆண் ஆள் வந்தால் எதிர்வீட்டுக் கண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும், நான் போனால் அந்தத் தொல்லை இல்லை. ஐந்தாவது வருஷம் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இதையே தொழிலாகச் செய்யலாம் என்று தோன்றியது. டெய்லர் அக்கா என் வீட்டுக்காரரின் பழைய ஜீன்ஸ் பேண்ட்டை வெட்டி, ஸ்பேனருக்கு ஒரு அறை, கட்டிங் பிளேயருக்கு ஒரு அறை என்று தோளில் மாட்டுகிற பை தைத்துக் கொடுத்தாள். அந்தப் பையைக் கண்ணாடி முன் மாட்டிப் பார்த்தேன். எனக்கு என்னையே பிடித்திருந்தது.

முதலில் அண்ணனிடம்தான் காட்டினேன்.

"அட, நல்லாருக்கேம்மா" என்றார். பையைச் சுற்றி வந்து பார்த்தார். "எல்லாத்தையும் போட்டு அடைக்காதீங்க. ஏழு சாமான் போதும், தோளு தாங்கும். செய்ங்கம்மா. நல்லா வரும்."

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் வீடியோவில் வந்தார். முகமே சரியில்லை.

"ஊரான் வீட்டுக்கெல்லாம் போயி ஏணியில ஏறப் போறியாமே. நான் இங்க செத்தா போயிட்டேன்?"

"யாரு சொன்னது?"

"யாரு சொன்னா என்ன? என் பேண்ட்டை வெட்டிப் பை வேற தச்சிருக்க. தூக்கிப் போடு அதை. இன்னொரு தடவை கேள்விப்பட்டேன், டிக்கெட் போட்டு வந்துருவேன்."

பையைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டே பேர். தைத்துக் கொடுத்த அக்கா, பார்த்துப் பாராட்டிய அண்ணன். அக்காவின் தம்பியும் கத்தாரில்தான் இருந்தான். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அண்ணன் பேர் என் மனதின் ஓரத்தில்கூட வரவில்லை. அன்றோடு அக்காவுடன் பேச்சை நிறுத்தினேன். துணியை வேறு இடத்தில் தைக்கக் கொடுத்தேன். ஒருநாள் அவளே கேட்டில் வந்து நின்று, "என்னத்தா, நான் என்ன பண்ணுனேன் ஒனக்கு?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சத்தம் கேட்க வேண்டும் என்றே சாத்தினேன். பையைப் பரணில் போட்டேன். எட்டு மாதம் அது அங்கேயே கிடந்தது.

உண்மையை எனக்குத் தெளிய வைத்தது ஒரு பைப். குளியலறைச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. சுவரை உடைக்கிற வேலை என் கைக்கு அடங்காது. மாடி வால்வை மூடிவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மோட்டார் ரூம் கதவில் யாரோ பிளம்பர் ஒட்டிவிட்டுப் போன நம்பர் இருந்தது. அவரைக் கூப்பிட்டு விலாசம் சொன்னேன்.

"அந்த வீடாக்கா?" என்று இழுத்தார் பிளம்பர். "கடைக்கார அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"என் வீட்டுக்கு வர்றதுக்கு அவர்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"இல்லக்கா, அந்த வீட்டுலேர்ந்து யாரு கூப்பிட்டாலும் போகக் கூடாது, போறதா இருந்தா தன்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும்னு சொல்லி வச்சிருக்காரு. ரொம்ப வருசமா எங்க ஆளுக எல்லாருக்கும் தெரியும். நாங்க அவர்கிட்டதான் சாமான் எடுக்குறோம்க்கா. கோவிச்சுக்காதீங்க."

போனை வைத்துவிட்டு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. எனக்குப் பாதுகாப்புக்காகச் சொல்லியிருப்பார், யாரோ கண்டவன் வந்துவிடக் கூடாதென்று அண்ணன் முறைக்குச் சொல்லியிருப்பார் என்று அவருக்காக நானே வாதாடினேன். அப்போதுதான் அந்தச் செத்துப்போன டெஸ்டர் ஞாபகம் வந்தது. கையில் இருப்பதை முதலில் சோதிக்கணும் என்று சொன்னவர் அவர். ஆறு வருஷமாக நான் தெருவில் உள்ள எல்லோரையும் அவரை வைத்தே சோதித்திருக்கிறேன். அவரைச் சோதித்ததே இல்லை.

வெளியூர் ஆளைக் கூப்பிட்டுக் குழாயைச் சரிசெய்த பிறகு, திங்கட்கிழமை காலை கடைக்குப் போய் டேப் ஒரு சுருள் வாங்கினேன். போகிற போக்கில், "வியாழக்கிழமை இன்வெர்டர் பாக்க புதுக்கோட்டைலேர்ந்து ஒரு ஆள் வர்றாருண்ணே" என்றேன். அப்படி யாரும் கிடையாது. வேறு யாரிடமும் சொல்லவில்லை, மகளிடம்கூட. அண்ணன், "அப்படியாம்மா, எத்தன மணிக்கு?" என்று கேட்டார். பதினோரு மணிக்கு என்றேன்.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்காரர் கூப்பிட்டார். மகள் படிப்பு, மழை, வெயில் எல்லாம் பேசிவிட்டு, "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுல இருப்பியா?" என்றார்.

இருப்பேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அழுகை வரவில்லை. சமையலறைக்குப் போய், நான் முதன்முதலாக வாஷர் மாற்றிய குழாயைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கடைக்குப் போனேன்.

"என்னம்மா, என்ன வேலை?" என்றார், நடந்துகொண்டே.

"நேத்து யாரும் வரலண்ணே."

"யாரு வரல?"

"இன்வெர்டர்காரர். அப்படி ஒருத்தரே இல்ல. ஒங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

நடை நின்றது. அப்போதுதான் அவருடைய கைகள் முன்னால் வந்தன. மேசை மேல் இருந்த ஒரு ஆணியை எடுத்தன, திரும்ப வைத்தன. இன்னொன்றை எடுத்தன. மெத்தென்று, ஒரு தழும்புகூட இல்லாத கைகள்.

"கேட்டான்மா" என்றார். "கூடப் படிச்சவன். அவ்வளவு தூரத்துல தனியாக் கெடக்கான். கேக்கும்போது சொல்லாம இருக்க முடியுமா? நானா எதையும் சேத்துச் சொல்லல. நடந்ததைத்தான் சொன்னேன்."

"என் பையைப் பத்தியும் நீங்கதான சொன்னீங்க?"

கையில் இருந்த ஆணியை உருட்டினார்.

"அப்ப அந்தக் குழாய்?"

"எந்தக் குழாய்ம்மா?"

"மொத தடவை. நீங்களே பண்ணலாம்னு சொன்னீங்களே."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கள்ளம் இல்லை. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது.

"வீட்டுக்கு ஆம்பள ஆளு யாரையும் அனுப்பாத மாப்ளன்னு அவன் சொல்லிட்டான். நானும் வரக் கூடாதுன்னான். அப்ப வேற என்ன வழி? நீங்க பண்ணித்தானம்மா ஆகணும்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா நல்லாக் கத்துக்கிட்டீங்க. அதுல பொய் இல்ல" என்றார்.

"அதையும் அவர்கிட்ட சொன்னீங்களா?"

ஆணியை மேசையில் வைத்தார். கைகள் மறுபடி பின்னால் போய்விட்டன.

ஒருத்தர் நம்மைக் காட்டிக்கொடுத்தால் அந்த ஒரு நாளுக்காகக் கோபப்பட்டுவிட்டு விடலாம். இவர் என் ஆறு வருஷத்தையும் பின்னோக்கிப் போய்க் கெடுத்துவிட்டார். மழையில் நனைந்தது மரியாதை என்று நினைத்தேன், அது கட்டளை. அக்கறை என்று நினைத்துப் பதில் சொன்னேன், அது விசாரணை. என்னைச் சுற்றி ஒரு வேலி போட்டிருக்கிறார்கள், வேலிக்குக் கம்பி இழுத்துக் கொடுத்தது நானே. என்னால் முடியும் என்று முதன்முதலாக நம்பிய ஆள் என்று அவரை வைத்திருந்தேன். அவர் நம்பவே இல்லை, அவருக்கு வேறு வழி இல்லாமல் போயிருக்கிறது.

டெய்லர் அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். என்ன சொல்வதென்று தெரியாமல் அங்கேயே அழுதேன். அக்கா மிஷினை நிறுத்தாமல், "எட்டு மாசம் தையல் கூலி எவளுக்கோ போச்சு. அதுக்கு அழு" என்றாள். பிறகு நிறுத்திவிட்டு என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்காரரை நானே கூப்பிட்டேன். "அங்க நீங்க வீடு வீடாப் போறீங்களே, எல்லா வீட்டுலயும் ஆம்பள இருக்கானா?" என்று கேட்டேன். "நான் வேலைக்குப் போகப் போறேன். இனிமே என்னைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா என்கிட்ட கேளுங்க" என்றேன். பத்து நாள் பேசாமல் இருந்தார். இப்போது பேசுகிறோம். பழைய மாதிரி இல்லை, ஆனால் என்னிடம் கேட்கிறார்.

பை பரணிலிருந்து இறங்கி மூன்று வருஷம் ஆகிறது. சாமான் வாங்கப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறுகிறேன், அந்தக் கடைப் பக்கம் போவதில்லை. எங்கேயாவது ஒரு திருகு முரண்டு பிடித்தால் மட்டும் கை தானாகப் போனை எடுக்கும். அவர் நம்பரை நான் அழிக்கவில்லை. எடுத்த போனை உள்ளே வைத்துவிட்டு, மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருப்பேன்.

போன மாசம் டெய்லர் அக்காவிடம் ரவிக்கை தைக்க வந்த ஒரு அம்மா என் நம்பர் வாங்கிக்கொண்டு போனாராம். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார். வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு போனேன். கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அதில் அண்ணன், கழுத்தில் மாலையோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த அக்காவுக்கு, அண்ணன் மனைவிக்கு, என்னை யாரென்று தெரியவில்லை. சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். குழாயில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக் கட்டி, கீழே ஒரு வாளி வைத்திருந்தது.

"மூணு வருசமா ஒழுகுது" என்றார். "ஆளு அனுப்புங்கன்னா, நான் இல்லாதப்ப யாரும் வர வேண்டாம்பாரு. இருக்குறப்ப நேரமில்லம்பாரு. கடை முழுக்க வாஷரு கெடக்கு."

"நீங்களே மாத்திப் பாத்திருக்கலாமேக்கா."

"எனக்கு என்ன தெரியும்? ஒரு திருப்புளிகூட வீட்டுக்குக் கொண்டாந்தது இல்லத்தா அவரு."

ஊரில் பாதிப் பேருக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த மனுஷன். நான் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். குழாயில் போடப் போனவள், என்ன தோன்றியதோ, அதை அக்கா கையில் கொடுத்தேன். மாடி வால்விலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்கா பயந்து பயந்து துணியைச் சுற்றினார். பழைய வாஷர் கறுத்துக் கூழாகி வந்தது. புதியதைப் போட்டு முறுக்க ஆரம்பித்தபோது வெளியே ஸ்கூட்டர் நின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்.

சமையலறை வாசலில் வந்து நின்றவர் என்னைப் பார்த்தார். மனைவி கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தார். முகத்தில் என்னென்னவோ வந்து போயின. கடைசியில் பழக்கதோஷம்தான் வாயைத் திறந்தது.

"ஒரு சுத்து பின்னால திருப்பிட்டுப் போடு."

உள்ளே வரக் காலைத் தூக்கினார்.

"அங்கயே நில்லுங்கண்ணே" என்றேன். "பொம்பளைங்க தனியா வேலை பாத்துக்கிட்டு இருக்கோம். வாசல் தாண்டாதீங்க."

அவர் நின்றார். சொந்த வீடு, சொந்தச் சமையலறை. தூக்கிய காலைக் கீழே வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அதில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். அவரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த அரை மணி நேரமாக நானும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றிருக்கிறேன். வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

சட்டென்று எடுத்தேன். அக்காவின் கை மேல் என் கையை வைத்து, கடைசிக் கால் சுற்றைச் சேர்ந்து முறுக்கினோம். நான் மாடிக்குப் போகவில்லை, அக்காவே போய் வால்வைத் திறந்துவிட்டு வந்தார். வாசலில் நின்றவர் ஒதுங்கி வழிவிட்டார். அக்கா குழாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார், மூடினார். சொட்டவில்லை.

"இனிமே ஒழுகாதுல்ல?" என்று கேட்டார் என்னிடம். புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒழுகுனா நீங்களே பண்ணலாம்க்கா."

அண்ணன் என்னிடம் சொன்ன அதே வார்த்தை. வாயில் வந்த பிறகு அதை விழுங்க முடியவில்லை, விழுங்க வேண்டிய அவசியமும் இல்லை, நான் நம்பித்தான் சொன்னேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்ற அண்ணனைக் கடந்து வெளியே வந்தேன். ஸ்பேனரை எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்பு மேடையில், அக்காவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.